தலையைத் தொடக் கூடாது

கால மடக்கி வெச்சுக்குங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க, சொல்ல வேண்டியது என் வேல. நீங்க நீட்டியிருக்கற பக்கம் டிரைவர் உக்காந்திருக்கார். ஒருத்தரப் பாத்துப் பாதத்த நீட்டுறது இந்த ஊர்ல மூஞ்சில துப்புற மாதிரி. அவர் வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டார். மனசுல வெச்சுக்குவார். ஆங், அப்படித்தான். இனி பட்டாயா வரைக்கும் ரெண்டு மணி நேரம், அப்படியே இருங்க.

என் பேரு தியாகேசன். உங்க கம்பெனியோட டீலர் டூருக்கெல்லாம் நான்தான் மேனேஜர். பெயிண்ட் விக்கிறது நீங்க, உங்களக் கூட்டிட்டு வந்து ஊர் பேரக் கெடுக்காமத் திருப்பிக் கொண்டு போய் இறக்குறது நான். பத்தொம்பது வருஷ சர்வீஸ். நேத்து சென்னை ஏர்போர்ட்ல எல்லாருக்கும் அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். நீங்க அதுல இல்ல. கடைசி வாரம் சேந்தவரு, ஓடி வந்து ஏறினீங்க. அதனாலதான் உங்கள என் பக்கத்துல உக்கார வெச்சிருக்கேன். நீங்க விட்டத நான் சொல்லியாகணும் பாருங்க.

பெருசா ஒண்ணும் இல்ல. மரியாதை, அவ்வளவுதான். தலை இவங்களுக்குக் கோயில் மாதிரி. யார் தலையையும் தொடக் கூடாது, குழந்தை தலையக்கூட. நம்ம ஆளுங்க ஒரு பச்சப் புள்ளயப் பாத்துட்டாப் போதும், கன்னத்தக் கிள்ளி தலையத் தடவி ஒரு வழி பண்ணிருவாங்க. இங்க கூடாது. கோயிலுக்குள்ள செருப்பு கூடாது. சாமியப் பாத்துக் கால நீட்டக் கூடாது. கும்பிடுறதுக்கு 'வை'ன்னு பேரு. நம்ம கும்பிடு மாதிரி ஏனோதானோ இல்ல, அதுல அளவு இருக்கு. சமமானவங்கன்னா விரல் நுனி மூக்கு வரைக்கும். பெரியவங்கன்னா பெருவிரல் மூக்குல, மத்த விரல் ரெண்டு புருவத்துக்கு நடுவுல. துறவிங்கன்னா இன்னும் மேல. சின்னவங்கதான் முதல்ல கும்பிடணும். வயசானவங்க ஒரு குழந்தையக் கும்பிட்டா அந்தக் குழந்தைக்கு ஆயுசு குறையும்னு நெனைக்கிறவங்க இந்த ஊர்ல இன்னும் இருக்காங்க. நம்ம ஊர்லயும் சொல்லுவாங்கல்ல, அதேதான்.

அப்புறம் சிரிப்பு. இது யாருக்கும் புரியாது, எனக்குப் புரிய பத்து வருஷம் ஆச்சு. இவங்க சந்தோஷத்துக்கும் சிரிப்பாங்க, கூச்சப்பட்டாலும் சிரிப்பாங்க, நாலு பேர் முன்னால அவமானப்பட்டாலும் சிரிப்பாங்க. நெஞ்சு வெடிக்கிற நேரத்துல கூட சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. சிரிச்சா எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்கிறவன் மடையன். எழுதி வெச்சுக்குங்க.

குரல ஒசத்தவே கூடாது. பொது இடத்துல கத்துறவன இவங்க மனுஷனாவே மதிக்க மாட்டாங்க.

ஒரு நிமிஷம் சார். யோவ், பின்னால கடைசி சீட்டு, செவப்புச் சட்ட. ஏறினதும் பாட்டிலா? அறிவிருக்கா ஒனக்கு? உள்ள வைய்யா. சொல்றேன்ல, வைய்யா உள்ள.

கத்தினாத்தான் சார் கேக்குது. மத்தபடி எனக்குக் கோவமே வராது.

நாலு வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி ஒரு பேட்ச். நாப்பத்திரண்டு பேர். அதுல ஒருத்தர் அடைக்கலம்னு, புதுக்கோட்டை பக்கம் அரிமளத்துல ஹார்டுவேர் கடை. அம்பத்தெட்டு வயசு. பேன்ட் போட்டுப் பழக்கமில்ல, இடுப்பு நழுவிரும்னு ஒரு கையால பிடிச்சுக்கிட்டே நடப்பார். என்ன 'தம்பி'ம்பார். எல்லாரும் தியாகு சார்ங்கிறாங்க, இவர் மட்டும் நாப்பது பேர் முன்னால தம்பி. வயசானவர், போகட்டும்னு விட்டேன். நான் அப்படி விட்டதுதான் தப்பு.

பிளேன்ல என் பக்கத்து சீட்டு அவருக்கு. ஏறினதுல இருந்து ஒரே கதை. அவருக்கு ஒரு தம்பி, முத்துக்கருப்பன். புரோட்டா மாஸ்டரா பேங்காக் வந்தவன், இங்கயே பிம்னு ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டான். அண்ணனுக்குப் பிடிக்கல. அப்பா அம்மா இல்லாத வீடு, அண்ணன்தான் எல்லாம். வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிட்டார். பொண்ணு பொறந்து அதோட போட்டோவத் தம்பி அனுப்பினான். இவர் கவரப் பிரிக்காமத் திருப்பி அனுப்பினார். அஞ்சு வருஷம் கழிச்சு மஞ்சக்காமாலைல தம்பி போயிட்டான். கூட வேலை பாத்தவன் போன்ல சொல்லித்தான் இவருக்கே தெரியுமாம்.

"அந்தக் கவர நான் பிரிச்சிருக்கணும் தம்பி"ன்னு என்கிட்ட ஒரு பத்து தடவ சொல்லியிருப்பார். நான் என்ன பண்றது அதுக்கு?

சட்டைப் பையில ஒரு பொட்டலம் வெச்சிருந்தார். குலதெய்வம் கோயில் திருநீறு. அவங்க வீட்டுல புள்ள பொறந்தா வீட்டுக்கு மூத்தவர் நெத்தில பூசி விடணுமாம். பூசினாத்தான் அது அவங்க வீட்டுப் புள்ள. "நான்தான் பூசியிருக்கணும், பூசாம விட்டுட்டேன். அது ஒண்ணு மட்டும் செஞ்சிட்டாப் போதும் தம்பி, அப்புறம் நான் போய்ச் சேந்தாலும் பரவால்ல"ன்னார். அதுக்காக மூணு வருஷமா பெயிண்ட் விக்கிற டார்கெட்ட முடிச்சு முடிச்சு இந்த டிக்கெட்ட வாங்கியிருக்கார். சொந்தமா வரலாமேன்னேன். "தனியா வந்து எந்தத் தெருவுல நின்னு யாரக் கேப்பேன் தம்பி?"ன்னார். நம்ம வீட்டுப் புள்ளன்னு அவங்க பாஷைல எப்படிச் சொல்றதுன்னு கேட்டார். எனக்குத் தூக்கம் வருதுன்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். நாப்பத்திரண்டு பேர மேய்க்கிறவன் சார் நான்.

அப்ப என்கிட்ட ரத்தனான்னு ஒரு லோக்கல் கைடு. இந்த ஊர்ப் பொண்ணுதான். பத்து வருஷம் என்னோட வேலை பாத்தவ, தமிழ் கூட அரைகுறையாப் பேசுவா. இவர் எங்கயோ முத்துக்கருப்பனோட பழைய அட்ரஸ அவகிட்டக் காட்டியிருக்கார். அவ போன் மேல போன் போட்டு ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிட்டா. மூணாம் நாள் நாங்க பேங்காக்ல கோயில் பாக்கற நேரத்துக்கு பிம்மையும் அவ பொண்ணையும் அங்கயே வரச் சொல்லிட்டா. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. டூர் மேனேஜர் யாரு? நான். எனக்கு எவ்வளவு வேதனையா இருந்துச்சு தெரியுமா? சரி, காட்டிக்கல.

கோயில் முற்றத்துல எல்லாரும் செருப்பக் கழட்டிட்டு நிக்கிறோம். நான் பத்தடி தள்ளி டிக்கெட் எண்ணிட்டிருக்கேன். திரும்பிப் பாத்தா, அந்தப் பொம்பள கல்தரையில மண்டி போட்டிருக்கா. பக்கத்துல பொண்ணும் மண்டி போட்டிருக்கு. எட்டு வயசு, மாலின்னு பேரு, மல்லிகைன்னு அர்த்தம். நம்ம கலருதான். ரெண்டு பேரும் கையக் குவிச்சுத் தலையத் தாழ்த்திட்டாங்க. நம்ம ஆளு பொட்டலத்தப் பிரிச்சுட்டார். மூணு விரல்ல திருநீற எடுத்து அந்தப் பொண்ணு நெத்திகிட்டக் கொண்டு போறார்.

நீங்களே சொல்லுங்க. சென்னைல அரை மணி நேரம் எதுக்குத் தொண்ட கிழியக் கத்தினேன்? முதல் விதியே அதானே?

ஓடினேன் சார். "தலையத் தொடாதய்யா"ன்னு ஒரு சத்தம் போட்டேன். முற்றம் முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. மணிக்கட்டப் பிடிச்சு ஒரு இழுப்பு. திருநீறு பூரா தரையில. ஒரு விரக்கடை சார், ஒரு விரக்கடை இருந்துச்சு நெத்திக்கும் அவர் கைக்கும். நான் மட்டும் ஒரு நொடி தாமதிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

அவர் என்னப் பாத்தார். "நம்ம புள்ள தம்பி"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

"உங்க புள்ளயா இருந்தா உங்க ஊர்ல. இங்க இவங்க ஊரு, இவங்க மரியாதை. மன்னிப்புக் கேளுங்க"ன்னேன். முழிச்சார். "வை பண்ணுங்க, சொல்லிக் குடுத்தேன்ல, கும்பிடுங்க அந்தப் பொண்ண"ன்னேன். அசையல. நான்தான் ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சு, பின்கழுத்துல கைய வெச்சு லேசா அழுத்தினேன். குனிஞ்சார். பேன்ட்டப் பிடிக்கக் கையில்லையா, அது நழுவிருச்சு. நம்ம டீலருங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. நான் சிரிக்கல சார். கோயில்ல சிரிக்கக் கூடாது.

அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் தலையக் குனிஞ்சே இருந்துச்சு. என்னவோ வரும்னு காத்திருக்கற மாதிரி. அப்புறம் மெதுவா நிமுந்து பாத்துது. பெரியவர் தன்னக் கும்பிட்டு நிக்கிறதப் பாத்ததும் மெரண்டு போய் அம்மா கையப் பிடிச்சுக்கிச்சு. தரையில கெடந்த வெள்ளப் பொடிய ஒரு விரலால தொட்டுது. நான் கூட்டுற அம்மாவக் கூப்பிட்டு சுத்தம் பண்ணச் சொன்னேன். கோயில் பாருங்க.

அந்தப் பொம்பள எழுந்திரிச்சா. என்னப் பாத்து சிரிச்சா. நம்ம ஆளப் பாத்தும் சிரிச்சா. அழகா ஒரு வை பண்ணிட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போயிட்டா. பாத்தீங்களா? சிரிச்சா சார். ஒரு கோவம் இல்ல, ஒரு வருத்தம் இல்ல. எவ்வளவு பெரிய அவமரியாதையத் தடுத்தேன்னு அவளுக்குப் புரிஞ்சிருக்கு.

ரத்தனாவுக்குத்தான் புரியல. சாயங்காலம் என் முன்னால வந்து நின்னா. "அந்தப் பூசுறதுக்காகத்தான் சார் அவங்க தலையக் குனிஞ்சாங்க. முத்து உயிரோட இருந்தப்ப சொல்லி வெச்சிருக்கார், என் அண்ணன் ஒருநாள் வந்து பூசுவார்னு. அந்தப் பொண்ணு அதக் கேட்டுக் கேட்டு வளந்திருக்கு"ன்னா. எங்க ஊர்லயும் கல்யாணத்துல பெரியவங்க நெத்தில மாவு வெப்பாங்க, குடும்பத்துல பெரியவங்க தொட்டாத் தப்பே இல்லைன்னா. என்கிட்ட சொல்றா சார் இத. நூத்திப் பதினோரு தடவ வந்துட்டுப் போனவன்கிட்ட.

"பிம் கேக்கறாங்க சார், பெரியவர் ஏன் தொடாம விட்டார்? எங்கள இன்னும் ஏத்துக்கலையா?"ன்னா. "நாங்க உங்கள ரொம்ப மதிக்கிறோம், அதனாலதான் தொடல, அப்படின்னு சொல்லிரு"ன்னேன். நல்ல பதில்தானே? அவ விடல, நாளைக்குக் காலைல நாம கிளம்பறதுக்கு முன்னால ஒரு பத்து நிமிஷம் ஹோட்டலுக்கு வரச் சொல்லட்டுமா, அவங்க அடுத்த வாரம் வடக்க அம்மா ஊருக்கே போறாங்க, அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாதுன்னா. எட்டு மணிக்கு பஸ் எடுக்கணும், முடியாதுன்னுட்டேன். அடைக்கலத்துகிட்ட சொல்லாதன்னும் சொன்னேன். வயசானவர், சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்குவார்.

மறுநாள் அவரக் கடைசி வரிசைல உக்கார வெச்சேன், வலது பக்கம். விதிய மீறினவருக்கு முன் சீட்டு குடுத்தா மத்தவங்க என்ன நெனைப்பாங்க? சரியா எட்டு மணிக்கு பஸ் எடுத்தாச்சு. ஹோட்டல் வாசல்ல திரும்பறப்ப பாக்கறேன், இடது பக்கம் ரோட்டோரம் அம்மாவும் பொண்ணும். சொல்லியும் கேக்காம வந்துட்டாங்க. அந்தப் பொண்ணு பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல நின்னு பஸ்ஸப் பாத்து வை பண்ணுது. பெருவிரல் மூக்குல, விரல் நுனி புருவத்துக்கு நடுவுல. குடும்பத்துப் பெரியவங்களுக்குப் பண்றது. அவ்வளவு சுத்தம் சார். பஸ்ல எல்லா ஜன்னலையும் ஒவ்வொண்ணாத் தேடிக்கிட்டே கைய இறக்காம நிக்குது.

எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. மைக்க எடுத்து, "எல்லாரும் இடது பக்கம் பாருங்க, வைன்னா இதுதான் வை, கையோட உயரத்தக் கவனிங்க"ன்னேன். எல்லாரும் எட்டிப் பாத்தாங்க, ஒருத்தர் படம் கூட எடுத்தார். இன்னொருத்தர், "நேத்துக் கோயில்ல பாத்த புள்ள மாதிரி இருக்கே"ன்னார். "இந்த ஊர்ல எல்லாப் புள்ளையும் அப்படித்தான் இருக்கும்"னேன். பஸ்ஸே சிரிச்சுது.

அடைக்கலம் எந்திரிச்சு, மத்தவங்க தோளப் பிடிச்சுப் பிடிச்சு இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள பஸ் திரும்பிருச்சு. "யாரு தம்பி அது?"ன்னார். "ஹோட்டல்ல வேலை பாக்கறவங்க வீட்டுப் புள்ள, உக்காருங்க"ன்னேன். ஏர்போர்ட் வரைக்கும் அந்த ஜன்னல் பக்கமே பாத்துட்டிருந்தார்.

ரத்தனா அன்னிக்கோட வேலைய விட்டு நின்னுட்டா. ஏர்போர்ட்ல எனக்கு ஒரு வை பண்ணினா பாருங்க, கை நெஞ்சுக்கு மேல வரல. பத்து வருஷம் வேலை குடுத்தவனுக்கு. "உங்களுக்கு எல்லா விதியும் தெரியும் சார்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அந்தக் கைதான் உறுத்துது. மரியாதை தெரிஞ்ச பொண்ணுன்னு நெனைச்சேன்.

அதுக்கப்புறம் மூணு வருஷம் கம்பெனி துபாய், அஜர்பைஜான், இலங்கைன்னு போயிருச்சு. வருஷா வருஷம் அறிவிப்பு வர்ற மாசம் அடைக்கலம் எனக்குப் போன் பண்ணிருவார். "இந்த வருஷம் எந்த ஊரு தம்பி?"ம்பார். துபாய்ம்பேன். "சரி தம்பி"ன்னு வெச்சிருவார். ஜெயிச்ச டிக்கெட்ட வேணாம்னுட்டு அடுத்த வருஷத்துக்கு மறுபடி டார்கெட்ட ஓட்டுவார். ரத்தனா நம்பர் கேட்டார். ஸ்டாஃப் நம்பர் டீலருக்குக் குடுக்கறது இல்ல.

இந்த வருஷம் தாய்லாந்து. லிஸ்ட் என் கைக்கு வந்துச்சு. நாப்பத்தொண்ணாவது பேரு, அடைக்கலம், அரிமளம். நான் யோசிக்கவே இல்ல சார், கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டேன். போன தடவ கோயில் வளாகத்துல உள்ளூர்க் குழந்தைகிட்டப் பண்பாட்டு விதிய மீறினவர், பரிந்துரைக்க முடியாதுன்னு. உடனே எடுத்துட்டாங்க. எழுத்துல குடுத்தா அவங்களுக்கும் பயம்தானே.

போன் பண்ணினார். அழுதார்னு நெனைக்கிறேன், சரியாக் கேக்கல. "நான் தொட மாட்டேன் தம்பி. கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறேன். நீ வேணா கட்டி விடு. அந்த ஊர்ல எங்கனா விசாரிச்சு, தூர நின்னு ஒரு தடவ பாத்துட்டு வந்திர்றேன்"னார். விதின்னா எல்லாருக்கும் விதிதான்னேன். நான் தப்பாச் சொல்லிட்டேனா?

அவர் எடத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆள எடுத்தாங்க. அது நீங்கதான் சார். கடைசி வாரம் திடீர்னு போன் வந்துச்சுன்னீங்கல்ல, அதுதான். ஒரு வகைல நீங்க எனக்குத்தான் நன்றி சொல்லணும்.

இருங்க, அன்னிக்கு பஸ்ல இருந்து எடுத்த அந்தப் பொண்ணு படம் என் போன்ல இருக்கு. அடைக்கலத்துக்கு அனுப்ப முடியல, அவர் கையில பட்டன் போன். நான் இப்ப ஒவ்வொரு வகுப்புலயும் இதத்தான் போட்டுக் காட்டறேன், வை எப்படிப் பண்ணணும்னு. இதோ பாருங்க. நெத்தில வெள்ளையா மூணு கோடு இருக்குல்ல, அது ஏதோ மூஞ்சிக்குப் போடுற பவுடர். இந்த ஊர்க் குழந்தைங்களுக்குக் கண்டபடி பவுடர் அப்பி விடுவாங்க, அம்மாவே போட்டிருப்பா. வகுப்புல காட்டுற படத்துல அதக் கறை மாதிரி இருக்குன்னு அழிக்கச் சொல்லிட்டேன். இது அழிக்காத படம். நீங்க நெத்தியப் பாக்காதீங்க, கையப் பாருங்க. விரல் நுனி எங்க இருக்கு?

ஏன் சார், என்னாச்சு? போனக் குடுங்க. டிரைவர் கண்ணாடில உங்களத்தான் பாக்கறார். இந்த ஊர்ல மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு உக்காரக் கூடாது சார், மரியாதை இல்ல. சிரிங்க.